ஒப்பிட்டுப் பார்த்தவர்

நாற்பத்தொரு மணி நேரமாக அந்த ஃபோல்டர் திறக்கவில்லை. வியாழக்கிழமை மாலை ஐந்து பத்துக்கு முதல் முறை அமுக்கிப் பார்த்தது. இப்போது சனிக்கிழமை காலை பத்து பத்து. நடுவில் பிரிஜா வீட்டுக்குப் போனாள், சாப்பிட்டாள், வெள்ளிக்கிழமை முழுக்க அலுவலகத்தில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் "கம்ப்யூட்டர்ல வேலை நடக்கு, நாளைக்கு வாங்க" என்று சொன்னாள். கணக்கு மட்டும் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது.

பங்கு அலுவலகம் கத்தோலிக்கக் கோவிலை ஒட்டிய ஒற்றை அறை. மண்டைக்காட்டுக்கு மேற்கே கடலோரமாக நடந்தால் வரும் ஊர்களில் ஒன்று அது. ஜன்னலைத் திறந்தால் கடல். உப்புக்காற்று கம்ப்யூட்டருக்கு ஆகாது என்று பங்குத்தந்தை இஞ்ஞாசி அந்த ஜன்னலை ஆணி அடித்து மூடியிருந்தார். மின்விசிறி சுற்றியது. பிரிஜாவுக்கு வியர்த்தது.

எல்லாம் ஒரு சிடியில் தொடங்கியது. துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த ஊர்க்காரர் ஒருவர் விண்டோஸ் செவன் சிடியைக் கோவிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டுப் போனார். அலுவலகக் கம்ப்யூட்டரில் இருந்தது பழைய எக்ஸ்பி. ஃபாதர் சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"நீயே போட்டிருவியா பிரிஜா? பி.எஸ்சி. படிச்ச பிள்ளைதானே?"

அவள் படித்தது வேதியியல். அதில் விண்டோஸ் போடச் சொல்லித் தருவதில்லை. ஆனாலும் பி.எஸ்சி. என்ற சொல் வந்த இடத்தில் அவளுக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. தலையாட்டினாள். சிடி கேட்ட கேள்விக்கெல்லாம் சரி, சரி என்று அமுக்கினாள். ஒன்றரை மணி நேரத்தில் புதிய திரை நீல வெளிச்சமாக வந்து நின்றது. பழைய பெயரிலேயே புதிய கணக்கு ஒன்றைத் தொடங்கி உள்ளே போனாள். 'பங்கு' ஃபோல்டர் டெஸ்க்டாப்பில் இல்லை. தேடினாள். பழைய விண்டோஸ் முழுதும் ஒரு மூலையில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. அதற்குள் அவள் பெயரில் ஒரு ஃபோல்டர். அதை அமுக்கியபோதுதான் அந்த ஆங்கில வரி வந்தது. இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை.

'பங்கு' ஃபோல்டரில் இருந்தது எண்ணூற்று அறுபத்திரண்டு குடும்பங்களின் விவரம். சுனாமி வந்த அன்று இதே அறையில் இடுப்பளவு கடல்வெள்ளம் நின்றது. ஞானஸ்நானம் பதியும் மூன்று திருமுழுக்குப் பதிவேடுகள் நனைந்து, காய்ந்தபின் பக்கங்கள் ஒட்டிச் செங்கல்லாக இறுகிப்போயின. வருடங்கள் கழித்து ஃபாதர் இஞ்ஞாசி வந்தபிறகுதான் அந்தப் பதிவேடுகளை மறுபடி எழுதும் வேலை தொடங்கியது. முப்பது முப்பது வீடுகளாகச் சேர்ந்து ஜெபம் சொல்லும் அன்பியக் குழுக்களின் பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். யாருக்கு எப்போது ஞானஸ்நானம், ஞானத்தகப்பன் யார், சாட்சி யார் என்று கேட்டு எழுதி வந்தார்கள். முன்னால் நடந்தவர் குளோரி. எழுதியதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் பிரிஜா. ஒரு வருடமும் நாலு மாதமும் ஆயிற்று.

எழுதிய தாள்கள் இப்போது இல்லை. "கம்ப்யூட்டர்ல ஏறியாச்சு மாமி, இனி தாள் எதுக்கு" என்று சொன்னவள் பிரிஜாதான். குளோரி அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டார். மாசிக் கொடைத் திருவிழாவின்போது மண்டைக்காட்டில் கடலை வாங்கிய இடத்தில், சுருட்டிய பொட்டலத்தில் தன் கையெழுத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்து சொன்னார்: "ஏட்டி, நம்ம மூணாம் அன்பியத்தை நான் உப்பும் எரிவுமா தின்னுட்டு வாறேன்."

இன்றைக்கு அந்த ஃபோல்டர் திறந்தே ஆகவேண்டும். பாடகர் குழுவில் இருக்கிற லிஜோவுக்குக் கல்யாணம். பெண் கொட்டாரம் தாண்டி, கன்னியாகுமரிப் பக்கத்துப் பங்கு. பெண்ணின் பங்கில் நாளை முதல் ஓலை வாசிக்கவேண்டும். அதற்கு லிஜோவின் திருமுழுக்குச் சான்றிதழ் இன்றைக்கே அங்கே போய்ச் சேரவேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் அறிவித்தால்தான் கல்யாணம். நாளையை விட்டால் மூன்று ஞாயிறு கிடைக்காது. அதற்குள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கிவிடும். அந்த நாட்களில் கல்யாணம் வைப்பதில்லை. பிறகு தை மாதம்தான். லிஜோவின் திருமுழுக்கு நாள் நனைந்த பதிவேட்டில் இருந்தது. அதை நினைவிலிருந்து சொன்னது அவன் அம்மா. சொல்லி ஆறு மாதத்தில் அம்மா போய்விட்டாள். ஆக, அந்தத் தேதி உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது.

இவ்வளவும் ஊருக்குத் தெரிந்தது. ஊருக்குத் தெரியாதது ஒன்றும் அதே ஃபோல்டரில் இருந்தது.

'பங்கு' ஃபோல்டருக்குள் 'இதர' என்று ஒரு சின்ன ஃபோல்டர். அதில் ஒரு மதிப்பெண் பட்டியல், ஸ்கேன் செய்தது. பிசிக்கல் கெமிஸ்ட்ரி இரண்டாம் தாள். முதல் முறை முப்பத்தொன்று. அடுத்த முறை முப்பத்தாறு. மூன்றாம் முறை முப்பத்தெட்டு. நாற்பது எடுத்தால் பாஸ். நான்காம் முறைக்கு விண்ணப்பிக்கத்தான் ஃபாதர் மதியம் உறங்கிய நேரத்தில் ஸ்கேன் செய்தாள்.

ஊர்த் திருவிழாவின் பத்தாம் நாள் மாலை, அந்த வருடம் டிகிரி முடித்தவர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி ஷீல்டு கொடுப்பது வழக்கம். பெயர்களை அன்பியங்கள் சேர்த்துக் கொடுக்கும். மூன்று வருடம் கல்லூரிக்குப் போனால் பெயர் ஏறிவிடும். பாஸா என்று யாரும் கேட்பதில்லை. கடலுக்குப் போனவன் வெறுங்கையோடு திரும்புவதைத் தினமும் பார்க்கிற ஊர், கல்லூரிக்குப் போனவளும் அப்படித் திரும்பலாம் என்று நினைக்கவில்லை. தேர்வு முடிவு வந்தது திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பு. அதற்குள் நோட்டீஸ் அச்சாகிவிட்டது. அவள் அப்பா சிலுவைதாசன் அன்றைக்குக் கடலுக்குப் போகாமல், சலவைச் சட்டை போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அம்மா செசிலி மீன் பெட்டியைக் கவிழ்த்துவிட்டு வந்து கை தட்டினாள். பிரிஜா படியேறினாள். பொன்னாடை கழுத்தில் குறுகுறுத்தது. சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு பூசையில், "நம்ம பட்டதாரிப் பிள்ளை இனி அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும்" என்று ஃபாதர் அறிவித்தார். அப்போதும் சொல்லவில்லை. சொல்லாத நாள் கூடக்கூட, சொல்வது இன்னும் கடினமாகிக்கொண்டே போனது.

ஷீல்டு இப்போது வீட்டில் திரு இருதயப் படத்துக்குக் கீழே, சீரியல் பல்புக்கு நடுவில் இருக்கிறது.

ஸ்டெனி வந்து சேர்ந்தபோது பத்தரை. கருங்கல்லில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். மழைக்கோட்டைக் கழற்றி வாசல் கம்பியில் போட்டார்.

"வாழைக்குலை லாரிக்குப் பின்னால மாட்டிக்கிட்டேன் ஃபாதர். அவன் வழி விடல. குலையை எண்ணிக்கிட்டே வந்தேன்."

"எத்தனை இருந்துச்சு தம்பி?" என்று கேட்டார் குளோரி. காலையிலிருந்தே அங்கே ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். ஆறு மாதம் வெயிலில் நடந்தவர். போகச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

"ஒண்ணு குறைஞ்சுது அக்கா. நான் எடுக்கல."

லிஜோ வாசல்படியில் செருப்பைக் கழற்றி நின்றான். "உள்ள வரலாமா?" என்றான். "நீ கல்யாண மாப்பிள்ளைல்லா, வா" என்றார் ஃபாதர்.

பிரிஜா தன் நாற்காலியை ஸ்டெனிக்குக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

ஸ்டெனி ஃபோல்டரை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். அந்த வரி வந்தது. அவர் முகம் மாறவில்லை. "பயப்படாதீங்க. இது எல்லா எடத்துலயும் வாறதுதான். பழைய விண்டோஸ்ல ஒரு பிரிஜா உண்டு. இந்த ஃபோல்டர் அவளுக்கு உள்ளது. புதுசுலயும் ஒரு பிரிஜா இருக்கு. பேரு ஒண்ணுதான். ஆனா கம்ப்யூட்டர் பேரைப் பாக்காது. ஒவ்வொருத்தருக்கும் உள்ளுக்குள்ள ஒரு நம்பர் வச்சிருக்கும், அதைத்தான் பாக்கும். நம்பர் மாறிப்போச்சு. அதனால இது வேற ஆளுன்னு நெனச்சு வெளிய நிறுத்துது."

"ஒத்தப் பிள்ளைய ரெண்டு பிள்ளையாக்கிட்டியே தம்பி."

"நான் ஆக்கல அக்கா. சிடிதான் ஆக்குச்சு."

அவர் வலது பக்கம் அமுக்கி, பாதுகாப்பு என்று இருந்த பக்கத்துக்குப் போனார். அங்கே உரிமையாளர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் நீளமாக ஒரு எண்தான் இருந்தது. அதை மாற்றிப் புதிய பிரிஜாவை வைத்தார். உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் இதே உரிமையாளர் என்ற பெட்டியில் டிக் போட்டார். திரையில் ஃபைல் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. முதல் அன்பியம், இரண்டாம் அன்பியம். குளோரி எழுந்து வந்து ஸ்டெனியின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

பிரிஜா வேறு ஒரு பெயருக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் ஓடியது. இதர. யாரும் கவனிக்கவில்லை.

ஃபோல்டர் திறந்தது.

"மாதாவே, காப்பாத்துனியே!" குளோரி நெற்றியில் சிலுவை போட்டார். லிஜோ பல்லைக் காட்டினான். ஃபாதர், "சாயா சொல்லட்டுமா?" என்றார்.

மவுஸ் மேல் இருந்த ஸ்டெனியின் கை அப்படியே நின்றுவிட்டது. திரையில் எல்லாப் பெயர்களும் இருந்தன. ஆனால் எல்லாம் பச்சை எழுத்தில் இருந்தன. ஒன்றை அமுக்கினார். அனுமதி மறுக்கப்பட்டது. இன்னொன்று. அதுவும் அப்படியே.

"இது பழையதுலயும் பச்சையாத்தான் இருந்துச்சா?" என்று திரும்பிக் கேட்டார்.

"கவனிக்கல" என்றாள் பிரிஜா.

அது முதல் பொய்.

"இது வேற பூட்டு ஃபாதர். முன்னால பாத்தது வாசல் கதவு. அதைத் தொறந்தாச்சு. இது ஒவ்வொரு ஃபைலுக்கும் உள்ளுக்குள்ள போட்ட பூட்டு. தானா வராது. யாரோ டிக் போட்டிருக்கணும்."

யாரோ. மூன்று மாதத்துக்கு முன் ஒரு மாலை. லிஜோ பாடகர் குழுவுக்குப் பாட்டு அடிக்க வந்திருந்தான். படம் ஒன்றைத் தேடினான். தேடலில் கம்ப்யூட்டர் முழுக்க இருந்த படங்கள் வரிசையாக வந்தன. "இதென்ன பிரிஜா, மார்க் ஷீட்டா?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டான். அவன் வாசிக்கவில்லை. அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. எல்லோரும் போனபிறகு, கல்லூரி லேபில் யாரோ செய்து பார்த்த நினைவில், பூட்டும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள். 'இதர'வை மட்டும் பூட்டினால் அது ஒன்று மட்டும் பச்சையாகத் தெரியும், ஏன் என்று கேட்பார்கள் என்று 'பங்கு' ஃபோல்டரையே மொத்தமாகப் பூட்டினாள். ஒரு தாளை மறைக்க எண்ணூற்று அறுபத்திரண்டு குடும்பம்.

"தொறக்க முடியுமா முடியாதா, அதைச் சொல்லு" என்றார் குளோரி.

"முடியும். பழைய விண்டோஸ் அழியாம கெடக்கதுனால முடியும். பூட்டுனவங்க கணக்குக்குள்ள சாவி இருக்கு. எங்கிட்ட ஒரு சாஃப்ட்வேர் உண்டு, சாவியைத் தேடிப் பிடிக்கும். ஆனா அந்தக் கணக்கோட பழைய பாஸ்வேர்டு வேணும். எழுத்து ஒண்ணு பெசகினாலும் ஆகாது." ஸ்டெனி பென் டிரைவைச் செருகினார். "பழையதுல எத்தனை பேருக்குக் கணக்கு இருந்துச்சு?"

"ரெண்டு" என்றாள் பிரிஜா. "எனக்கு ஒண்ணு. ஆபீஸ்னு பொதுவா ஒண்ணு. அதுல லிஜோ அண்ணன் பாட்டு அடிப்பாங்க."

"செரி, முதல்ல உங்களுக்குள்ளதைப் பாப்போம். பாஸ்வேர்டு என்ன?"

திறந்தால் 'இதர'வும் திறக்கும். ஸ்டெனி சோதித்துப் பார்க்க எதை வேண்டுமானாலும் அமுக்குவார். ஃபாதர் பக்கத்தில் நிற்கிறார். குளோரி மூக்குக் கண்ணாடியோடு நிற்கிறார்.

"செபஸ்தியார்" என்றாள். ஆங்கில எழுத்துகளைச் சொன்னாள். அது பொதுக் கணக்கின் பாஸ்வேர்டு, எல்லோருக்கும் தெரிந்தது.

சாஃப்ட்வேர் ஓடியது. கோடு மெல்ல மெல்ல நிறைந்தது. பதினைந்து நிமிடம். அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். கிடைக்காது என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

"சிக்கல" என்றார் ஸ்டெனி. "இதுதானா? உறுதியா?"

"ஆமா."

"அப்ப உங்க கணக்குல இருந்து பூட்டல. மத்ததைப் பாப்போம்." பொதுக் கணக்குக்கும் அதே பாஸ்வேர்டுதான் என்று லிஜோ சொன்னான். அதையும் ஓடவிட்டார். அதிலும் சிக்கவில்லை. அவர் பின்னால் சாய்ந்தார். "அந்தக் கணக்கோட பாஸ்வேர்டை யாராவது நடுவுல மாத்துனியளா?"

குளோரி மெல்லத் திரும்பினார். "ஏலே லிஜோ."

"என்ன மாமி?"

"வலை முடியிற கையை வச்சிக்கிட்டு உனக்குக் கம்ப்யூட்டர் என்னத்துக்குல? பாட்டு அடிக்கேன் பாட்டு அடிக்கேன்னு வந்து என்னத்தை அமுக்குன?"

"நான் பாட்டு மட்டும்தான் மாமி..."

"பிரிஜா பூட்டியிருக்க மாட்டா. அவ பி.எஸ்சி. படிச்ச பிள்ள, அவளுக்குத் தெரியும் எதைத் தொடணும் எதைத் தொடக்கூடாதுன்னு. பின்ன யாரு, ஃபாதரா? நானா? எனக்கு டிவியே என் பேரன் போட்டுத் தரணும்."

லிஜோ தலையைச் சொறிந்தான். கோபப்படுவான் என்று பிரிஜா எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவன் உண்மையாகவே யோசித்தான்.

"நானாத்தான் இருக்கும் ஃபாதர்" என்றான். "ஒரு நாள் படம் தேடுனேன். அப்ப என்னென்னமோ வந்துச்சு. எல்லாத்தையும் அமுக்கினேன். எனக்கு அந்த மவுஸைப் பிடிச்சாலே கை நிக்காது. இஞ்சின் சுக்கான்னா நிக்கும்." சிரிக்கப் பார்த்தான். "எங்கம்மை சொன்ன தேதியை நானே பூட்டிட்டேன், பாத்தியளா."

ஃபாதர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று பத்து. பன்னிரண்டுக்குக் கரண்ட் போகும். போனால் இரண்டு மணிக்குத்தான் வரும்.

"வேற வழி?" என்று கேட்டார்.

"பாஸ்வேர்டு தெரியாட்டா வழி இல்ல ஃபாதர். அழிச்சிட்டு முதல்ல இருந்து எழுதிக்கிட வேண்டியதுதான். வேணும்னா சொல்லுங்க, இப்பவே எல்லாத்தையும் சுத்தமாத் தொடச்சுத் தந்திருவேன்."

சுத்தமாகத் துடைத்துத் தருவார். பிரிஜாவுக்கு அந்தச் சொல் காதில் நின்றது. வியாழக்கிழமை முதல் அவள் பயந்துகொண்டிருந்தது போலவே, ஆசைப்பட்டுக்கொண்டும் இருந்தாள். முப்பத்தொன்றும் முப்பத்தாறும் முப்பத்தெட்டும் மொத்தமாகப் போய்விடும். யார் கண்ணிலும் படாது. அவள் வாயைத் திறக்கக்கூட வேண்டாம். சும்மா நின்றால் போதும். சும்மா நிற்பது அவளுக்கு நன்றாக வரும். அன்றும் மேடையில் சும்மாதான் நின்றாள்.

லிஜோ சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தான். "பொண்ணோட அப்பாகிட்ட சொல்லிருகேன் ஃபாதர். பந்தல்காரனுக்குச் சொல்லணும்ல. தையிலன்னா தையில." நம்பரைத் தேடிக்கொண்டே வாசலுக்குப் போனான். செருப்பை மாட்டாமலே மழையில் இறங்கினான். கோவில் முற்றத்தில் அவன் குரல் கேட்டது. "மாமா, நான்தான். இஞ்ச ஒரு தப்பு நடந்து போச்சு. எங்கையாலதான்..."

"லிஜோ அண்ணா!"

அவள் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. ஃபாதர் திரும்பிப் பார்த்தார். அந்த அறையில் இத்தனை நாளில் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

"போன் பண்ணாண்டாம். வைங்க." பிறகு ஸ்டெனியிடம், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் சொன்ன பாஸ்வேர்டு எனக்குள்ளது இல்ல. எனக்குள்ளது வேற. நான்தான் பூட்டுனேன்."

ஸ்டெனி விசைப்பலகையில் கை வைத்தார். "சொல்லுங்க."

அவள் எண்களைச் சொன்னாள். எட்டு எண்கள். பல்கலைக்கழகம் அவளுக்குக் கொடுத்த தேர்வுப் பதிவு எண். நான்கு விண்ணப்பங்களில் எழுதி எழுதி மனப்பாடம் ஆனது.

"இதென்ன, போன் நம்பரா?"

"இல்ல."

கோடு மறுபடி நிறையத் தொடங்கியது. லிஜோ நனைந்து வந்து வாசலில் நின்றான். பதினைந்து நிமிடம் ஓடியது. பிறகு திரையில் ஒரு வரி பச்சையாக வந்தது. சாவி கிடைத்துவிட்டது. ஸ்டெனி எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் புதிய ஃபோல்டரில் போட்டார். பெயர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையிலிருந்து கறுப்புக்கு மாறின.

அதற்குள் குளோரிக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. "எல்லாருக்கும் தெரியட்டும்னு வச்சா, கண்டவனும் உள்ள கைவிடுவான்னு பிள்ள பத்திரமாப் பூட்டியிருக்கு. அப்புறம் பயந்து, அந்தப் பேடியில பாஸ்வேர்டை மாத்திச் சொல்லிட்டு. அப்படித்தானே மக்கா?"

பிரிஜா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. குளோரிக்கு அது போதும். "பாத்தியளா ஃபாதர், நான் பறஞ்சேன்லா. ஏலே லிஜோ, நீ அதுக்குள்ள எடுத்துச் சொமக்கப் போயிட்ட. லூசு."

"கொள்ளாம் மாமி" என்று லிஜோ சிரித்தான். "திட்டுனது நீங்க, லூசு நானா?"

ஃபாதர் எல்லோரையும் சாயாவுக்கு அழைத்துப் போனார். "நீ லிஜோவுக்குள்ள சர்ட்டிபிகேட்டை அடி மக்கா, இப்ப வந்து கையெழுத்துப் போடுகேன்."

அறையில் அவள் மட்டும். முதலில் 'இதர'வைத் திறந்தாள். பட்டியல் இருந்தது. தன் பெயர், பதிவு எண், முப்பத்தெட்டுக்கு எதிரே மறுபடி எழுதவேண்டும் என்பதற்கான இரண்டு எழுத்து. மொத்த ஃபோல்டரையும் பிடித்து, குப்பைக்கூடைக்கும் போகாதபடி அழித்தாள். நிச்சயமா என்று கேட்டது. ஆம். போயிற்று. நாற்பத்திரண்டரை மணி நேரப் பயம், விரல் எடுக்கும் முன் முடிந்துவிட்டது. இனி யாருக்கும் தெரிய வழியில்லை.

மூச்சு விட்டுப் பார்த்தாள். இலகுவாக இல்லை.

ஏழாம் அன்பியம், இருபத்திரண்டாம் குடும்பம். லிஜோ. திருமுழுக்கு நாள் இருந்தது. பக்கத்தில், குறிப்பு என்ற இடத்தில், அம்மா சொன்னதை அவளே அப்படியே அடித்து வைத்திருந்தாள்: 'ஞானத்தகப்பன் கொல்லத்தில் தங்கி மீன்பிடிக்கும் தங்கலில் இருந்து வர வேண்டி, கொடியேற்றத்துக்கு மறுநாள் வைத்தது. பிள்ளை அழவில்லை.' அதைச் சான்றிதழில் போட இடமில்லை. தேதியை மட்டும் எடுத்து அடித்தாள். அச்சுக் கருவி கரகரத்துத் தாளைத் தள்ளியது.

ஃபாதர் உதட்டைத் துடைத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே குளோரி, ஸ்டெனி, லிஜோ. லிஜோ அவளுக்கும் ஒரு சாயா கொண்டுவந்திருந்தான், மழை விழாமல் உள்ளங்கையால் மூடி.

"கேட்டியா பிரிஜா" என்றான். "நான் மாமாகிட்ட முழுசாச் சொல்லல. பாதியிலேயே வச்சிட்டேன். தப்பிச்சேன்."

ஃபாதர் சான்றிதழை வாசித்தார். வலது பக்கம், பங்குத்தந்தை என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்தார். அந்தக் கையெழுத்துக்கு மேலே ஒரு வரி உண்டு: இது மூலப் பதிவுக்கு ஒத்த உண்மை நகல் எனச் சான்றளிக்கிறேன். இடது பக்கம் இன்னொரு வரி உண்டு. அலுவலகத்துக்கு ஒரு பட்டதாரி கிடைத்த சந்தோஷத்தில் ஃபாதரே சேர்த்தது. ஒப்பிட்டுப் பார்த்தவர்: சி. பிரிஜா, பி.எஸ்சி. இதுவரை நூற்றுப் பதினான்கு தாள்களில் அந்த வரிக்கு மேலே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அந்த மூன்று எழுத்தைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு.

பேனாவை நீட்டினார். "போடு, கரண்ட் போறதுக்குள்ள இவன் பஸ்ஸைப் பிடிக்கட்டும்."

அவள் பேனாவை வாங்கினாள். லிஜோ பக்கத்தில் நின்றான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தாளில் விழாமல் இருக்கக் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டான். செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல அவனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"ஃபாதர், வேற ஒண்ணு அடிச்சுத் தாறேன்."

"ஏன், தேதி தப்பா?"

"தேதி சரிதான். பேருக்குப் பின்னால உள்ளதை எடுக்கணும்."

ஃபாதர் குனிந்து பார்த்தார். குளோரியும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "எதை? பி.எஸ்சி.யவா? ஏட்டி, அது கெடந்தா உனக்கு என்ன? பாக்க அழகால்லா இருக்கு. நாங்க மேடையில வச்சு ஷீல்டு தந்த பிள்ளைல்லா நீ."

பேனாவை மேசையில் வைத்தாள். வைத்த பேனா உருண்டது. ஸ்டெனி அதைப் பிடித்தார்.

"மாமி" என்றாள். குளோரியைத்தான் பார்த்தாள். அந்த வருடம் பட்டதாரிப் பட்டியலுக்கு அவள் பெயரை எழுதிக்கொண்டு போனவர் அவர்தான். "நான் பி.எஸ்சி. பாஸாகல மாமி. மேடையில ஏறின அன்னைக்கும் பாஸாகல."